உங்களுக்குத் தெரியுமா? பாலிசி போட்டுத் தருபவர் யாருடைய ஆள்?

● காப்பீடு விற்க வரும் எல்லோரையும் நாம் ‘ஏஜெண்ட்’ என்றே சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் கணக்கு வேறு. ஏஜெண்ட், காப்பீட்டு நிறுவனத்தின் பிரதிநிதி. புரோக்கர், வாடிக்கையாளரின் பிரதிநிதி. பாலிசி எடுக்கும் அன்று இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். அதே பை, அதே கோட்டேஷன், அதே சிரிப்பு. கிளைம் கொடுக்கும் அன்றுதான் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பது புரியும்.

● தனி ஏஜெண்ட் ஒருவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனம், மருத்துவக் காப்பீடு மட்டுமே செய்யும் நிறுவனம் ஒன்று என்று வகைக்கு ஒன்றுக்குத்தான் வேலை செய்யலாம். அதனால், வேறு கம்பெனியின் டேர்ம் பிளான் மலிவாமே என்று அவரிடம் கேட்டால் பேச்சை மாற்றத்தான் செய்வார். அதை விற்க அவருக்கு உரிமையே கிடையாது. வங்கிகள் ‘கார்ப்பரேட் ஏஜெண்ட்’ என்ற கணக்கில் வருகின்றன. வகைக்கு மூன்று நிறுவனங்கள் என்றிருந்த அவற்றின் வரம்பு, 2022-இல் ஒன்பதாக உயர்ந்தது. (லாக்கர் கேட்டுப் போனவரிடம், “ஒரு சின்ன பாலிசி போட்டுடுங்களேன்” என்று மேனேஜர் இழுக்கும் காரணம் இப்போது விளங்கும்.) புரோக்கருக்கு இந்த எண்ணிக்கை வரம்பு கிடையாது. சந்தையில் இருக்கும் எந்த நிறுவனத்தின் பாலிசியையும் அவர் எடுத்துத் தரலாம்.

● கல்கத்தாவில் 1818-இல் ஓரியண்டல் லைஃப் தொடங்கியது முதல் இந்தியாவில் ஆயுள் காப்பீடு இருக்கிறது. 1956-இல் 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. விற்பது ஒரே நிறுவனம் என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? ஒப்பிட்டுச் சொல்ல ஓர் ஆள் தேவைப்படவில்லை. முன்னாள் ரிசர்வ் வங்கி கவர்னர் ஆர்.என். மல்ஹோத்ரா தலைமையிலான குழு 1994-இல் அறிக்கை கொடுத்து, 1999-இல் சட்டம் வந்து, தனியார் நிறுவனங்கள் நுழைந்த பிறகுதான் புரோக்கருக்கு வேலை வந்தது. அவர்களுக்கான முதல் விதிகள் வெளியானது 2002-இல். இன்று நடப்பில் இருப்பவை 2018-இல் வந்த விதிகள். உரிமம் தருவதும் பறிப்பதும் ஹைதராபாத்தில் தலைமையகம் கொண்ட ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்.

● ஒரு தனி மனிதர், தன் பெயரில், இன்சூரன்ஸ் புரோக்கராக இருக்க முடியாது. கம்பெனியாகவோ, எல்.எல்.பி.யாகவோ, கூட்டுறவுச் சங்கமாகவோதான் பதிவு செய்ய முடியும். நேரடி புரோக்கருக்குக் குறைந்தபட்ச மூலதனம் 75 லட்சம் ரூபாய். காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு எடுத்துத் தரும் மறுகாப்பீட்டு புரோக்கர் என்றால் 4 கோடி. இரண்டும் சேர்த்துச் செய்தால் 5 கோடி. நிறுவனத்தின் பெயரிலேயே ‘இன்சூரன்ஸ் புரோக்கர்’ அல்லது ‘இன்சூரன்ஸ் புரோக்கிங்’ என்று இருந்தாக வேண்டும். ஆகவே, “நான் புரோக்கர் சார், எல்லா கம்பெனியும் பண்றேன்” என்று விசிட்டிங் கார்டு நீட்டுகிறவரின் கார்டில் அந்த வார்த்தையோடு ஒரு நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் இல்லையென்றால், அவர் புரோக்கர் அல்ல.

● அப்படியானால் அவர் யார்? பெரும்பாலும் பி.ஓ.எஸ்.பி. என்ற ‘பாயிண்ட் ஆஃப் சேல்ஸ் பெர்சன்’ ஆக இருப்பார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 15 மணி நேரப் பயிற்சி, ஒரு சின்னத் தேர்வு. ஏதோ ஒரு புரோக்கர் நிறுவனத்தின் கீழ், கைப்பேசி ஆப் மூலம் எளிய பாலிசிகளை விற்கலாம். ஜெராக்ஸ் கடைக்காரர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர், மாலையில் டியூஷன் எடுக்கும் ஆசிரியை என்று தெருவுக்கு ஒருவர் இன்று பி.ஓ.எஸ்.பி.தான். இதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் இருக்கும் புரோக்கர் நிறுவனம் எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆப் மாறினால் ஆளும் மாறிவிடுவார். பொறுப்பு அந்த நிறுவனத்தின் மேல்தான் நிற்கும்.

● ஊருக்கே இன்சூரன்ஸ் போட்டுக் கொடுக்கும் புரோக்கர், தானும் ஒரு இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். ‘புரொஃபஷனல் இண்டெம்னிட்டி’ என்பது அதன் பெயர். அவருடைய தவறாலோ கவனக்குறைவாலோ உங்களுக்கு நஷ்டம் வந்து, அதை ஈடுகட்ட வேண்டிய நிலை வந்தால் அவருக்குக் கைகொடுக்கும் பாலிசி அது. உரிமத்துக்கு இது கட்டாயம்.

● வாடிக்கையாளரின் ஆள் என்கிறோமே, அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? காப்பீட்டு நிறுவனம்! உங்கள் பிரீமியத்திலிருந்து நிறுவனம் தரும் கமிஷன்தான் அவர் வருமானம். இந்த ஏற்பாட்டில் இருக்கும் முடிச்சை இந்தியாவில் இன்னும் யாரும் முழுதாக அவிழ்த்ததில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயுள் காப்பீட்டில் முதல் வருடக் கமிஷனுக்கு நெடுங்காலம் இருந்த உச்சவரம்பு 35 விழுக்காடு. ஆண்டுக்கு 60,000 ரூபாய் கட்டும், முடிவில் பணம் திரும்ப வரும் எண்டோமெண்ட் பாலிசியை விற்றால் 21,000 ரூபாய். அதே குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாயில் ஒரு டேர்ம் பாலிசி விற்றால் 4,200. வீட்டுக்காரர் இறந்துபோனால் குடும்பத்துக்குப் பல மடங்கு பணம் கொடுக்கப்போவது இரண்டாவது. விற்பவருக்கு ஐந்து மடங்கு கொடுப்பது முதலாவது. “டேர்ம் எடுத்தா பணம் திரும்ப வராது சார்” என்ற வசனத்தை நீங்கள் அடிக்கடி கேட்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேடவேண்டாம்.

2023 ஏப்ரலில் இருந்து பாலிசிவாரி கமிஷன் உச்சவரம்பு எடுக்கப்பட்டது. நிர்வாகச் செலவு மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு வரம்பு வைத்தார்கள்: பொதுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மொத்தப் பிரீமியத்தில் 30 விழுக்காடு, மருத்துவக் காப்பீடு மட்டும் செய்யும் நிறுவனத்துக்கு 35. அதற்குள் கமிஷனை எப்படிப் பங்கிடுவது என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம்.

● “இதை வித்தா உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வாடிக்கையாளர் கேட்டால் கமிஷன் விகிதத்தைச் சொல்ல வேண்டிய கடமை ஏஜெண்டுக்கும் உண்டு, புரோக்கருக்கும் உண்டு; அவர்களுடைய நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. கேட்பவர்தான் கிடையாது.

● “முதல் பிரீமியத்துல பாதியை நானே போட்டுடறேன் சார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.” காதுக்கு இனிமையாக இருக்கும். இன்சூரன்ஸ் சட்டம் 1938, பிரிவு 41-இன்படி இது குற்றம். கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்கிக்கொள்பவருக்கும். பல ஆண்டுகள் 500 ரூபாயாக இருந்த அபராதம், 2015 திருத்தத்தில் 10 லட்சம் வரை என்று உயர்ந்தது. பாலிசிக்கான முன்மொழிவுப் படிவத்தில் பொடி எழுத்தில் இந்தப் பிரிவை அச்சடித்தே தருகிறார்கள். யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

● பிரீமியத்தை விற்பவர் கையில் பணமாகக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது; ஆண்டு 1997. பாலிசிதாரர் ஒருவர், கெடு தாண்டிய பிரீமியத்துக்காக எல்.ஐ.சி. ஏஜெண்டிடம் ‘பேரர்’ காசோலை ஒன்றைக் கொடுத்தார். அந்தக் காசோலை உடனே வங்கியில் பணமாக்கப்பட்டது. ஆனால் எல்.ஐ.சி.யில் கட்டியது இரண்டு மாதம் கழித்து. கட்டிய தேதிக்கு முந்தைய நாள்தான் பாலிசிதாரர் விபத்தில் இறந்திருந்தார். ஏஜெண்டுக்குப் பிரீமியம் வசூலிக்க அதிகாரம் இல்லை, ஆகவே அவரிடம் கொடுத்தது எல்.ஐ.சி.யிடம் கொடுத்ததாகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காலாவதியான பாலிசி காலாவதியானதுதான், கிளைம் கிடையாது. ஏஜெண்டாக இருந்தாலும் புரோக்கராக இருந்தாலும் காசோலை காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். ஆன்லைனில் கட்டினால் ரசீது நிறுவனத்திடமிருந்தே வரவேண்டும்.

● இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2019. முன்மொழிவுப் படிவத்தை ஏஜெண்ட்தான் நிரப்பினார், நாங்கள் கையெழுத்து மட்டும்தான் போட்டோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. கையெழுத்துப் போட்டவரே உள்ளே இருப்பதற்குப் பொறுப்பு.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதைப் பாருங்கள். காபி வருகிறது. “சிகரெட்?” “எப்பவாவது...” “அப்ப இல்லன்னே போட்டுக்கறேன் சார்.” “பிரஷர் மாத்திரை?” “ஒண்ணே ஒண்ணு, காலையில.” “அதெல்லாம் எழுதினா மெடிக்கல் போகச் சொல்வான், வேணாம்.” கையெழுத்து. போட்டோ. முடிந்தது. அந்தக் காலை மாத்திரைக்கும் மருந்துக்கடை பில் இருக்கும், டாக்டர் சீட்டு இருக்கும். கிளைம் வரும்போது நிறுவனத்தின் புலனாய்வாளர் முதலில் போய் நிற்கும் இடமே அதுதான். நல்ல புரோக்கருக்கு ஓர் அடையாளம் சொல்லச் சொன்னால் நான் சொல்வது இதைத்தான்: படிவத்தை நிரப்பும்போது உங்களை எரிச்சலூட்டும் அளவுக்குக் கேள்வி கேட்பவர்.

● மறைத்ததாகச் சொல்லி எந்தக் காலத்திலும் கிளைமை நிராகரிக்கலாமா? முடியாது. ஆயுள் காப்பீட்டில் மூன்று ஆண்டுகள் தாண்டிவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது இன்சூரன்ஸ் சட்டத்தின் பிரிவு 45. மருத்துவக் காப்பீட்டில் இதற்கு ஐந்து ஆண்டு. மோசடி என்று நிரூபித்தால் தவிர. முன்பு எட்டு ஆண்டாக இருந்ததை 2024-இல் குறைத்தார்கள். ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலமும் அதே ஆண்டில்தான் அதிகபட்சம் நான்கிலிருந்து மூன்று ஆண்டாக இறங்கியது.

● உங்கள் அலுவலக மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும், அதற்காகக் கிளைம்களைக் கையாளும் டி.பி.ஏ.வின் பெயர் இருக்கும். அதை ஏற்பாடு செய்த புரோக்கரின் பெயர் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஆனால் குரூப் மெடிக்கல் பாலிசிதான் புரோக்கர்களின் பெரிய களம். உங்கள் அலுவலகம் தன் ஊழியர் பட்டியலையும் (வயது, குடும்பம், போன வருடக் கிளைம் விவரம் எல்லாம் அதில் உண்டு) அதிகாரம் தரும் ‘மேண்டேட் லெட்டர்’ ஒன்றையும் புரோக்கரிடம் கொடுக்கும். அவர் நாலைந்து கம்பெனிகளிடம் கோட்டேஷன் வாங்குவார். பெற்றோரைச் சேர்க்கலாமா, பிரசவத்துக்கு எவ்வளவு, அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று பேரம் நடக்கும். போன வருடம் கிளைம் அதிகம் போயிருந்தால் இந்த வருடம் பிரீமியம் ஏறும். அந்த ஏற்றத்தை எவ்வளவு இறக்குகிறார் என்பதில்தான் அவர் சாமர்த்தியம்.

ஒரே பெரிய வாடிக்கையாளரை நம்பி புரோக்கர் கடை நடத்தக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஓர் ஆண்டில் அவர் கொண்டுவரும் பிரீமியத்தில் பாதிக்கு மேல் ஒருவரிடமிருந்தே வரக் கூடாது. தொழில் குழுமங்கள் தங்களுக்கென்று ஒரு புரோக்கர் நிறுவனத்தை வைத்துக்கொண்டு, தாங்களே கட்டும் பிரீமியத்துக்குத் தாங்களே கமிஷன் வாங்கிக்கொள்ளும் வேலையை இது தடுக்கிறது.

● ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் புரோக்கரால் ஆகும் காரியம் என்ன? நெஞ்சுவலி என்று அப்பாவைச் சேர்த்திருக்கிறீர்கள். கேஸ் ஷீட்டில் டியூட்டி டாக்டர் அவசரத்தில் ‘சர்க்கரை, 10 வருடம்’ என்று ஒரு வரி எழுதிவிடுகிறார். உண்மையில் சர்க்கரை கண்டுபிடித்து மூன்று வருடம்தான்; பாலிசி எடுத்து நான்கு வருடம். அந்த ஒரு வரி போதும், டி.பி.ஏ.யிலிருந்து ‘குவெரி’ வந்துவிடும்: பாலிசிக்கு முன்பே நோய் இருந்திருக்கிறதே, ஏன் சொல்லவில்லை? கேஷ்லெஸ் நின்றுபோகும். இந்த இடத்தில் அனுபவமுள்ள கிளைம் ஆள் ஒருவர் முதலில் செய்வது, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமிருந்து முதல் சர்க்கரைப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், சிகிச்சை தரும் டாக்டரிடமிருந்து திருத்தக் கடிதத்தையும் வாங்கி ஒரே மெயிலில் அனுப்புவது. இதைச் செய்யத் தெரிந்தவர் கையில் உங்கள் பாலிசி இருந்தால், கமிஷன் எவ்வளவு வாங்கினாலும் தகும்.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜ் ஒப்புதல் மூன்று மணி நேரத்துக்குள் என்பது 2024 மே மாதத்து உத்தரவு. அதற்கு மேல் தாமதித்து ஆஸ்பத்திரி கூடுதலாக ஏதும் கேட்டால் அது காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு. டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

● லண்டன் லாய்ட்ஸ் என்பது ஒரு காப்பீட்டுக் கம்பெனி அல்ல, ஒரு சந்தை. எட்வர்ட் லாய்ட் என்பவர் நடத்திய காபிக் கடையில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வழக்கம். அங்கே இன்றும் பெரும்பகுதி வியாபாரம் புரோக்கர்கள் வழியாகத்தான் வருகிறது.

● டி.வி. விளம்பரத்தில் பார்க்கும் பாலிசிபஜார் 2021 வரை ‘வெப் அக்ரிகேட்டர்’. அதாவது விலையை ஒப்பிட்டுக் காட்டும் தளம். அந்த ஆண்டில்தான் புரோக்கர் உரிமத்துக்கு மாறியது. புரோக்கர் ஆனால் கிளைமிலும் உதவலாம், ஊர் ஊராக ஆள் வைத்தும் விற்கலாம். திரையில் முதலில் காட்டும் பாலிசிதான் உங்களுக்கு நல்ல பாலிசி என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

● எல்.ஐ.சி. ஏஜெண்டுகள் 14 லட்சத்துக்கும் மேல். தகுதியான ஆண்டுகள் வேலை பார்த்த ஏஜெண்ட் இறந்துபோனாலும், அவர் போட்ட பாலிசிகளின் ரினியூவல் கமிஷன் வாரிசுக்குப் போகும். பாலிசியை மறந்துவிடாமல் கட்டச் சொல்லி ஞாபகப்படுத்த ஒரு குடும்பமே பின்னால் இருக்கிறது! தனிநபர் ஆயுள் காப்பீட்டில் புரோக்கர்களின் பங்கு சிறிதாகவே இருப்பதற்கு இந்தப் பெரும்படையும் வங்கிக் கிளைகளும்தான் காரணம்.

● 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதற்கு முன் டேர்ம், மருத்துவ பாலிசிகளுக்கு 18 விழுக்காடு. ஆனால் வரி போனதோடு நிறுவனங்களுக்குக் கிடைத்துவந்த உள்ளீட்டு வரிச் சலுகையும் போயிற்று. அந்த நஷ்டத்தைப் பல நிறுவனங்கள் ஏஜெண்ட், புரோக்கர் கமிஷனில் கைவைத்துச் சரிக்கட்டின. வாடிக்கையாளருக்கு இனிப்பு, இடைத்தரகருக்குக் கசப்பு.

● ஆயுள், மருத்துவ பாலிசி கைக்கு வந்து 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை ‘ஃப்ரீ லுக்’ என்பார்கள். முன்பு 15 நாட்கள். விற்றவரிடம் கேட்டால், “கொஞ்சம் பொறுங்க சார், பேசிக்கலாம்” என்பார். 31-ஆவது நாள் வரை பேசிக்கொண்டே இருப்பார். எழுத்தில், நேராக நிறுவனத்துக்கே அனுப்புங்கள்.

● “ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிலிருந்து பேசுகிறோம், உங்க பழைய பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு” என்று போன் வந்தால் வைத்துவிடலாம். அந்த ஆணையம் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை. அதைப் பலமுறை விளம்பரம் கொடுத்தே சொல்லியிருக்கிறது.

● தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஏஜெண்டும் இல்லை, புரோக்கரும் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம், வருமானச் சான்றோடும் ரேஷன் கார்டோடும் கலெக்டர் அலுவலக மையத்துக்குப் போனால் போதும். அட்டை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

● புரோக்கர் மீதும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். 2021-இல்தான் அந்தக் கதவு திறந்தது. அதுவரை காப்பீட்டு நிறுவனத்தின் மீது மட்டும்தான். தமிழ்நாடு, புதுச்சேரிக்கான அலுவலகம் சென்னையில், தேனாம்பேட்டைப் பக்கம் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டாம், வக்கீல் மூலம் கொடுத்தால் வாங்கவே மாட்டார்கள். முதலில் நிறுவனத்துக்கோ புரோக்கருக்கோ எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு மாதம் பதில் இல்லாமலோ, திருப்தியில்லாத பதிலோடோ போக வேண்டும். அதே விஷயம் நுகர்வோர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கக் கூடாது. 30 லட்சமாக இருந்த இழப்பீட்டு வரம்பு 2023 நவம்பரில் 50 லட்சமானது. ஓம்புட்ஸ்மேனின் தீர்ப்பு காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் நீங்கள் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம்.